ஊரில் யாரும் லத்தீனோ இல்லை, இங்கே வந்த பிறகுதான். நீங்கள் பார்த்தது என்ன?

கேரி_கண்ணம்மா · சனி, இரவு 9:40

நான் இருப்பது வட கரோலினாவில், கேரியில். இங்கிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் சைலர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர் வரும். கோழி ஆலைகளை நம்பி ஆட்கள் வந்து சேர்ந்த ஊர். அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்ப உதவிக்கு ஆள் கேட்டார்கள், போய் உட்கார்ந்தேன். என் ஸ்பானிஷ் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிற அளவுதான். அது போதும் என்றார்கள்.

இன்று காலை குவாத்தமாலாவிலிருந்து வந்த ஒரு அம்மா தன் ஐந்து வயதுப் பெண்ணைச் சேர்க்க வந்தார். கூடவே பதினான்கு வயது மகன். படிவத்தில் "மாணவர் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோவா? ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி. ஸ்பானிஷ் பேசும் நாடுகளின், லத்தீன் அமெரிக்காவின் வழி வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்த அம்மா 'லத்தீனோ'வின் மேல் விரலை வைத்து, "இது எந்த ஊர்?" என்று கேட்டார். பையனுக்கு மானம் போய்விட்டது. "நாமதாம்மா அது" என்று சொல்லி அவனே 'ஆம்' போட்டான்.

அடுத்து இனம். வெள்ளையர், கறுப்பர், ஆசியர், அமெரிக்க இந்தியர், பசிபிக் தீவினர். அதையும் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ எதில் போடுவாய்?" என்று என்னைக் கேட்டார். ஆசியர் என்றேன். "ஆசியாவா உன் ஊர்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கடைசியாக வீட்டு மொழி. பையன் ஸ்பானிஷ் என்று எழுதினான். ஆனால் அம்மாவும் குட்டிப் பெண்ணும் அதுவரை பேசிக்கொண்டிருந்தது ஸ்பானிஷ் இல்லை, அது எனக்கே தெரிந்தது. கேட்டால், "அது மாம். அது மொழி இல்லை, பேச்சுவழக்கு" என்றான். மாம் என்பது மாயா மொழிகளில் ஒன்று. லட்சக்கணக்கானவர்கள் பேசுகிறார்கள்.

வந்து ஆறு வருடமாகியும் அம்மாவிடம் அந்தச் சொல் ஒட்டவில்லை. மகனுக்கோ அது சட்டைப்பையில் இருக்கிற அடையாள அட்டை மாதிரி. ஒரே வீட்டில் இவ்வளவு தூரம். நீங்கள் இருக்கும் இடங்களில் பார்த்ததை எழுதுங்கள்.

---

சுண்டல் · சனி, இரவு 9:58

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஆசியா உன் ஊரா! சிரித்து முடியவில்லை.

---

எல்லைக்கோடு · சனி, இரவு 11:05

டெக்ஸஸில், சான் அன்டோனியோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீன் அமெரிக்கா என்ற சொல் அவர்கள் ஊர்களிலும் உண்டு. ஆனால் பேச்சில் தன்னை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. குவாத்தமாலாக்காரர் 'சாப்பின்', ஹோண்டுராஸ்காரர் 'கத்ராச்சோ', போர்ட்டோ ரிக்கோக்காரர் 'போரிக்குவா'. அதற்கும் உள்ளே மாகாணம், ஊர், மலை. இவர்களை ஒரே பெயருக்குள் போட்டது அமெரிக்கா.

முதலில் ஒன்று. எல்லோரும் 'வந்தவர்கள்' இல்லை. 1848இல் குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தத்தில் மெக்சிகோ தன் நிலத்தில் பெரும் பகுதியை இழந்தது. அதற்கு முன்பே போயிருந்த டெக்ஸஸையும் சேர்த்தால் பாதிக்கு மேல். அங்கே குடியிருந்தவர்கள் வீட்டு வாசலைத் தாண்டாமலே வேறு நாட்டில் இருந்தார்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்பது இங்கே பழமொழி மாதிரி. என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் "எப்போது வந்தீர்கள்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகு யாரிடமும் கேட்பதில்லை.

1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்பதைத் தனி இனமாகப் போட்டார்கள். மெக்சிகோ அரசும் இங்கிருந்த அமைப்புகளும் எதிர்த்ததும் 1940இல் எடுத்துவிட்டு, வெள்ளையராக எண்ணினார்கள். காகிதத்தில் வெள்ளையர். பிள்ளைகளுக்கோ தனியாக 'மெக்சிகன் பள்ளி'. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெண்டெஸ் குடும்பமும் இன்னும் சிலரும் வழக்குப் போட்டு, 1946இலும் மேல்முறையீட்டில் 1947இலும் ஜெயித்த பிறகுதான் அங்கே அது நின்றது.

1970இல் ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் ஸ்பானிய வம்சாவளியா என்று கேட்டார்கள். அதில் 'மத்திய அல்லது தென் அமெரிக்கர்' என்று ஒரு கட்டம். இந்த நாட்டின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இருந்த பலர் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அதில் குறி போட்டுவிட்டார்கள்! 1976இல் தனிச் சட்டம், 1977இல் 'ஹிஸ்பானிக்' அரசு வகைப்பாடு, 1980இல் எல்லா வீடுகளுக்கும் அந்தக் கேள்வி. 'லத்தீனோ' அதோடு சேர்ந்தது 1997இல்.

கண்ணம்மா சொன்ன அந்த அம்மா 'அமெரிக்க இந்தியர்' என்று போட்டிருக்கலாம். மத்திய அமெரிக்கப் பழங்குடிகளும் அதில் அடக்கம் என்றுதான் விதி. படிவத்தைப் பார்த்தால் யாருக்கும் அது தோன்றாது.

---

சுண்டல் · சனி, இரவு 11:20

அப்படியென்றால் அரசாங்கம் ஒரு கட்டம் போட்டது, ஒரு சமூகம் பிறந்துவிட்டதா? நம்பக் கஷ்டமாக இருக்கிறது அண்ணே.

---

எல்லைக்கோடு · ஞாயிறு, காலை 7:15

கட்டம் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கை குறைத்துக் காட்டினால் நிதி வராது, தொகுதி வராது என்று போராட்டக்காரர்களே தனிக் கணக்கு கேட்டார்கள். இன்னொரு பக்கம் தொலைக்காட்சி. இங்கே எங்கள் ஊரில்தான் 1955இல் ஸ்பானிஷ் நிலையம் ஒன்று தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த வலையமைப்புதான் இன்றைய யூனிவிஷன். மயாமியில் கியூபாக்காரர் பார்ப்பதையும் லாஸ் ஏஞ்சலீஸில் மெக்சிகோக்காரர் பார்ப்பதையும் ஒரே நிகழ்ச்சியாக்கினால்தான் விளம்பரக்காரரிடம் "எங்களிடம் இத்தனை கோடிப் பேர்" என்று விலை பேச முடியும். அதற்கு எந்த நாட்டு வாடையும் அடிக்காத ஒரு ஸ்பானிஷ் தேவைப்பட்டது. செய்தி வாசிப்பவர் எந்த ஊர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

2020 கணக்கில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று 6 கோடியே 20 லட்சம் பேர். அதில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இனக் கேள்வியில் 'வேறு ஏதோ ஓர் இனம்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தங்களைக் காணவில்லை என்று அத்தனை பேரும் சொன்ன மாதிரிதானே. 2024 மார்ச்சில் விதியை மாற்றி, இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கண்ணம்மாவின் பள்ளிக்கு இன்னும் புதுப் படிவம் வரவில்லை போலும்.

---

பனைமட்டை · ஞாயிறு, காலை 8:02

நான் டொராண்டோவில் இருந்து எழுதுகிறன். இங்கே கணக்கெடுப்புப் பட்டியலில் 'தெற்காசியர்' இருக்கிற அதே வரிசையில் 'லத்தீன் அமெரிக்கர்' என்றும் ஒன்று இருக்குது. ஆனால் அமெரிக்காவில் போல அது பெரிய கதையாக இல்லை, ஆட்கள் குறைவு.

என்னோடு பக்டரியில் வேலை செய்தவர் எல் சால்வடோர்க்காரர். அங்கே 1980 தொடக்கம் 1992 வரை உள்நாட்டு யுத்தம். முதலில் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய், பிறகு இங்கே வந்தவர். அவர் சொன்ன ஒரு விசயம் எனக்கு மறக்காது. அவர்கள் ஊரில் 'நீ' என்கிறதுக்கு 'வோஸ்' என்பார்கள், மெக்சிகோக்காரர் 'தூ' என்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் எல்லா இடமும் மெக்சிகோக்காரர்தான். வாயைத் திறந்து 'வோஸ்' என்றால் சிரிப்பார்கள், மெக்சிகோக்காரர் என்று பொய் சொல்லி எல்லை தாண்டி வந்தவனுக்கு அது ஆபத்தும் கூட. அதனால் வெளியில் 'தூ', வீட்டுக்குள் கதவைச் சாத்தினால் 'வோஸ்'. பிள்ளைகளுக்கு 'தூ' மட்டும்தான் வந்தது. "என்ர மகன் என்னை மெக்சிகோக்காரன் மாதிரிக் கூப்பிடுறான்" என்று சொல்லிச் சிரித்தவர்.

சென்னையில் இருந்த காலத்தில் பஸ்ஸில் ஏறினால் நானும் "கதைக்கிறன்" என்று வாய் தவறிச் சொல்லாமல் "பேசுறேன்" என்று பழகினவன்தான். அதனால் அவர் சொன்னது விளங்கினது.

---

தாம்பரம்_டு_டாம்பா · ஞாயிறு, காலை 10:30

கட்டம் போட்டுச் சேர்த்த கதை சொன்னீர்கள், கட்டம் போட்டுப் பிரித்த கதை எங்கள் ஊரில் இருக்கிறது.

டாம்பாவில் ஈபோர் சிட்டி, ஒரு காலத்தில் சுருட்டு ஆலைகள் நிறைந்த இடம். கியூபாவிலிருந்து சுருட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகத்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இலை சுருட்டினார்கள். கூடத்தின் நடுவில் உயரமான மேடை, அதில் 'லெக்தோர்' என்று ஒருவர் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், அப்புறம் நாவல் என்று உரக்க வாசிப்பார். சம்பளம் முதலாளி தருவதில்லை, தொழிலாளர்களே காசு போட்டு வைத்துக்கொண்ட ஆள். என்ன வாசிப்பது என்றும் அவர்களே தீர்மானிப்பார்கள். வேலைநிறுத்தத்துக்கு இவர்கள்தான் தூபம் போடுகிறார்கள் என்று 1931இல் ஆலை முதலாளிகள் அந்த மேடையை எடுத்துவிட்டார்கள்.

கியூப விடுதலைக்காக ஒரே சங்கத்தில் இருந்தவர்கள், 1900 வாக்கில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஃப்ளோரிடாவின் நிறவெறிச் சட்டங்களும் வழக்கமும் அப்படி. வெள்ளைக் கியூபர்களுக்கு ஒரு மன்றம், கறுப்புக் கியூபர்களுக்கு ஒரு மன்றம். கறுப்பர்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: மார்த்தி-மாசேயோ. ஹோசே மார்த்தி வெள்ளைக் கவிஞர், அந்தோனியோ மாசேயோ கறுப்புத் தளபதி. ஒரே சங்கமாக இருந்த காலத்தைப் பெயரில் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அப்போது அவர்களை யாரும் லத்தீனோ என்று சொல்லவில்லை. 'கியூபர்' என்ற பெயரே இங்கே வந்து இரண்டாகிவிட்டது.

---

ஹூஸ்டன்_மாமா · ஞாயிறு, பகல் 12:10

எல்லாம் சரி. ஆனால் 'சமூகம்' என்ற சொல்லை இவ்வளவு தாராளமாக வீசாதீர்கள். காகிதம் வேறு, கவலையும் வேறு. போர்ட்டோ ரிக்கோக்காரர் 1917 முதல் அமெரிக்கக் குடிமகன், விமான டிக்கெட் எடுத்தால் போதும். கியூபாக்காரருக்கு 1966இல் தனிச் சட்டம், கிரீன் கார்டுக்கு நேர்வழி. 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகில் வந்தார்கள். முன்னால் வந்திருந்த கியூபாக்காரரில் எத்தனை பேர் அவர்களைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள் தெரியுமா? சால்வடோர்க்காரருக்கு 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிகப் பாதுகாப்பு, அதை நீட்டிப்பார்களா என்று தவணைக்குத் தவணை வயிற்றில் நெருப்பு. மெக்சிகோ விவசாயக் கூலிக்கு 1942 முதல் 1964 வரை ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொண்டு, பிறகு கதவைச் சாத்தினார்கள்.

தேர்தல் நேரத்தில் எல்லா டிவியிலும் 'லத்தீனோ வாக்கு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவார்கள். எங்கள் டெக்ஸஸில் ஸ்டார் கவுண்டி, கிட்டத்தட்ட முழுக்க மெக்சிகோ வம்சாவளி. நூறு வருடத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சிக்கே போட்டார்கள். 2024இல் குடியரசுக் கட்சிக்குப் போட்டார்கள். மூட்டை அவிழ்ந்தது.

---

மட்டுறுத்துநர் · ஞாயிறு, பகல் 12:25

கட்சிச் சண்டை இங்கே வேண்டாம். மாமா எழுதிய அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

---

வாசகி · ஞாயிறு, மாலை 4:45

மாமா சொல்வது பாதி. நீங்கள் எல்லோரும் சட்டம், டிவி, கணக்கெடுப்பு என்று பேசுகிறீர்கள். நான் பார்த்தது சலவை அறையில்.

லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன். என் அறைக்குப் பக்கத்தில்தான் சலவைக்கூடம். அங்கே பெண்கள் சீட்டுப் பிடித்தார்கள். ஆமாம், நம்ம சீட்டேதான். மெக்சிகோக்காரர் 'தாந்தா' என்பார்கள், குவாத்தமாலாக்காரர் 'குச்சுபால்', டொமினிக்கன்காரர் 'சான்'. பத்துப் பேர், வாரம் ஆளுக்கு 100 டாலர், பத்து வாரம். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. காகிதக் கோப்பையில் எண் எழுதிப் போட்டு எடுப்பார்கள், அவரவர் எண்ணுக்கு அந்தந்த வாரம் 1,000 டாலர். பிடிப்பவருக்கு மட்டும் முதல் எண், அது அவருடைய கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பிடித்தவர் மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவர், தாய்மொழி சபோதெக் என்ற பழங்குடி மொழி. ஒரு பள்ளி நோட்டில் பெயரும் கோடும் மட்டும்.

முதலில் அவர் ஊர்க்காரர்கள் மட்டும்தான். "ஓடிப்போனால் இவள் அம்மா வீட்டுக் கதவு எனக்குத் தெரியும்" என்பார். அதுதான் ஜாமீன். பிறகு இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், இடம் காலி. வேறு வழியில்லாமல் ஒரு சால்வடோர்ப் பெண்ணைச் சேர்த்தார்கள். ஆனால் கோப்பையில் கைவிட விடவில்லை, நேராகப் பத்தாம் எண். கடைசியில் வாங்குபவர் ஏமாற்ற முடியாது இல்லையா? அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, பத்து வாரமும் வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடியும் முன்பே பணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த சுற்றில் அவளும் எண் எடுத்தாள், நான்கு வந்தது. அதற்கு அடுத்ததில் ஒரு ஹோண்டுராஸ் பெண், அவளுக்கு இந்த சால்வடோர்ப் பெண்தான் ஜாமீன். நான் விலகும்போது பத்துப் பேரில் ஐந்து நாட்டுக்காரர்கள்.

அவர்களுக்குள் பேச்சு எப்படி இருக்கும் என்கிறீர்கள்? சால்வடோர்க்காரிக்குக் கோபம் ஜாஸ்தி, மெக்சிகோக்காரிக்கு வாய் ஜாஸ்தி, இப்படியே போகும். வஹாக்காக்காரரை மற்ற மெக்சிகோக்காரர்களே 'வஹாக்கீட்டா' என்று மட்டம் தட்டுவதும் உண்டு. ஆனால் மேற்பார்வையாளர் உள்ளே வந்து கூடுதல் அறைகளைத் தலையில் கட்டினால், "லத்தீனாக்கள் என்றால் எதையும் சுமப்போம் என்று நினைப்பா?" என்று ஐந்து நாடும் ஒரே குரலில் பேசும். அவர் போனதும் பழையபடி ஐந்து நாடு.

ஆண்களுக்கு இது வேறு மாதிரி நடந்தது என்று நினைக்கிறேன். அவர்கள் தெருமுனையில் கூலிக்கு நின்றும், கால்பந்து ஆடியும் சேர்ந்தார்கள். பெண்கள் முதன்முறையாகத் தன் பெயரில் சம்பளக் காசோலை வாங்கினார்கள், கார் ஓட்டக் கற்றார்கள், புருஷனுக்குத் தெரியாமல் சீட்டுப் போட்டார்கள். "ஊரில் இருந்திருந்தால் எனக்கு இது எதுவும் தெரியாது, ஆனால் ஊரில் இருந்திருந்தால் என் அம்மாவைப் புதைக்கப் போயிருப்பேன்" என்று அந்த வஹாக்காப் பெண் ஒருநாள் சொன்னார். எல்லை தாண்டினால் திரும்ப வர முடியாது, அதனால் போகவில்லை. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. நோட்டில் கோடு போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

---

சுண்டல் · ஞாயிறு, மாலை 5:10

வாசகி அக்கா, சீட்டுக் கதை அபாரம். ஒரு சந்தேகம். லத்தீனோ, லத்தீனா என்பதற்கு இப்போது ஆண்பால் பெண்பால் இல்லாமல் 'லத்தீனெக்ஸ்' என்று எழுதுகிறார்களே, அதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

---

வாசகி · ஞாயிறு, மாலை 5:32

பல்கலைக்கழகச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். சலவைக்கூடத்தில் கேட்டதில்லை. பியூ ஆய்வு மையம் கேட்டபோது தங்களை அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். ஸ்பானிஷ் நாக்குக்கு அந்த எக்ஸ் உருளவில்லை என்று 'லத்தீனே' என்றும் சிலர் சொல்கிறார்கள். அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, யாருக்குத் தேவையோ அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நமக்கு 'அவர்' என்று ஒரு சொல் இருப்பதால் இந்தக் கஷ்டம் புரியாது.

---

கேரி_கண்ணம்மா · திங்கள், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. ஹூஸ்டன் மாமாவுக்கு சைலர் சிட்டியின் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

1990களில் கோழி ஆலை வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். குளிரூட்டிய கூடத்தில் நின்றபடி நாள் முழுக்கக் கோழி எலும்பு நீக்குகிற வேலை, விரல் மரத்துப்போகும். 1999இல் கவுண்டி நிர்வாகக் குழுத் தலைவர் குடியேற்றத் துறைக்குக் கடிதம் எழுதினார், ஆவணம் இல்லாதவர்களை அனுப்ப உதவி கேட்டு. 2000 பிப்ரவரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் பழைய தலைவர் டேவிட் டியூக் வந்து நகர மன்ற வாசலில் கூட்டம் போட்டார். இதில் விசித்திரம், கடிதம் எழுதிய அதே தலைவர் பிறகு ஒரு குழுவோடு மெக்சிகோ போய்ப் பார்த்துவிட்டு மனம் மாறித் திரும்பினார். 2004இல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி, கிட்டத்தட்ட முழுக்க லத்தீனோப் பையன்கள், மாநிலக் கோப்பையை வென்றது. ஆலைகள் பிறகு மூடின, ஆட்கள் போய்விடவில்லை. இன்று ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவர்கள்.

டியூக் கூட்டத்தில் 'மெக்சிகர்', 'சால்வடோர்க்காரர்' என்றா பிரித்துத் திட்டியிருப்பார்கள்? திட்டு வாங்கும்போது ஒரே பெயர். மாமா சொன்ன மூட்டையைக் கட்டுவது வெளியாள்தான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் அதற்குள்ளேயே சீட்டும் பிடிக்கிறார்கள்.

இன்று வேலை முடிந்து அங்கே போயிருந்தேன். அந்த அம்மாவின் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தது, அவர் சாயங்காலம் வேலை பார்க்கும் கடையிலேயே போய் வாங்கிக்கொண்டேன். கடைப் பலகையில் 'தியெந்தா லத்தீனா', அதாவது லத்தீனோ கடை. உள்ளே விட்டத்தில் காகித நட்சத்திரப் பினாத்தா, காய்ந்த மிளகாய் மூட்டை, குவாதலூப்பே மாதா படம் போட்ட மெழுகுவர்த்தி, அதற்குப் பக்கத்திலேயே குவாத்தமாலாக்காரர்களின் எஸ்கிப்பூலாஸ் கறுப்புக் கிறிஸ்து. பணம் அனுப்பும் ஜன்னலுக்கு மேல் ஏழெட்டு நாட்டுக் கொடி.

கடைக்கார அம்மா எல் சால்வடோர். ஏன் 'லத்தீனா' என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். "சால்வடோர்க் கடை என்று எழுதினால் மெக்சிகோக்காரன் வரமாட்டான். மெக்சிகன் கடை என்று எழுத எனக்கு மனசு வராது. பலகைக்கு ஒருமுறைதான் காசு கொடுக்க முடியும்" என்றார்.

நம்ம குவாத்தமாலா அம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். மொழிக் கட்டத்தில் மகன் எழுதிய 'ஸ்பானிஷ்' பக்கத்தில் 'மாம்' என்று நான் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுது, ஆனால் பையனிடம் சொல்லாதே" என்றார்.

---

ஹூஸ்டன்_மாமா · திங்கள், இரவு 9:30

பலகைக்கு ஒருமுறைதான் காசு. சரி, இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

---

சுண்டல் · திங்கள், இரவு 9:41

கண்ணம்மா அக்கா, அடுத்த வாரம் ராலேவுக்கு வருகிறேன். சால்வடோர் அம்மா கடை என்றால் பப்பூசா, அதுதான் உள்ளே அடைத்துச் சுடுகிற அவர்கள் ஊர் ரொட்டி, சுடுவார்களா?

---

கேரி_கண்ணம்மா · திங்கள், இரவு 9:55

சனி, ஞாயிறு மட்டும். பதினொரு மணிக்குள் போய்விடு, பன்னிரண்டுக்கு மேல் போனால் வரிசையில் முதலில் நிற்பது மெக்சிகோக்காரர்கள்தான், ஒன்றும் மிஞ்சாது.